காமிராவுக்குச் சந்தனப் பொட்டு

செப்டம்பர் 6, சனி

இந்த ஏட்டை என்றைக்காவது எடுத்துப் புரட்டப்போகிற புண்ணியவான்களே, புண்ணியவதிகளே! பொள்ளாச்சி மகாலிங்கபுரம் தெய்வசிகாமணி ஆகிய நான், சுயநினைவோடும் முழு வயிற்றோடும் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனிவரும் பக்கங்களில் உள்ள கதையை உங்களில் ஒருவரும் நம்பமாட்டீர்கள். நம்ப வேண்டிய கட்டாயமும் இல்லை. என் சொந்தபந்தங்கள் அறுபத்திரண்டு வருஷமாக நான் சொன்ன எதையும் நம்பியதில்லை. நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

முப்பத்திரண்டு வருஷம் பம்புசெட் கம்பெனிக்கு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்தவன் நான். நான் கார் ஓட்டிய தூரத்தை நீட்டி வைத்தால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு டீ குடித்து, திரும்பி வந்து, மறந்துவைத்த குடையை எடுக்க மறுபடியும் போகலாம். தாராபுரம் ரோட்டில் எருமைகள் என் ஹாரன் சத்தத்தைக் கேட்டதும் எழுந்து வரிசையாக நிற்கும். அதில் மூத்த எருமை சல்யூட் அடிக்கும்.

அப்பேர்ப்பட்ட எனக்கு இன்று என் தங்கை மகள் அகல்யா இரண்டு மணி நேரம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தாள். ஆபீஸ் வேலையாக ஆறு மாதம் ஜெர்மனி போகிறாள். புதுக் காரை எங்களிடம் விட்டுவிட்டுப் போகிறாள்.

"மாமா, இதுல ரெண்டு சமாச்சாரம் இருக்குது. போட்டுக் குழப்பிக்காதீங்க. லேன் கீப்பிங்னா, நீங்க இண்டிகேட்டர் போடாம கோட்டுக்கிட்டப் போனா ஸ்டியரிங்கை லேசா உள்ள தள்ளிவிடும். மத்த நேரம் சும்மா இருக்கும். லேன் சென்டரிங்னா, எந்நேரமும் ரெண்டு கோட்டுக்கும் நடுவுலயே வெச்சுக் கூட்டிட்டுப் போகும்."

"புரிஞ்சுது கண்ணு. முன்னது என் மாமியா மாதிரி. தப்புப் பண்ணினாத்தான் வாயைத் தெறப்பாங்க. பின்னது உங்க அத்தை மாதிரி. தப்பே பண்ண விடமாட்டா."

"காது கேக்குதுங்க," என்றாள் என் மனைவி வசந்தாமணி, சமையலறையிலிருந்து.

அகல்யா சிரிக்கவில்லை. முன் கண்ணாடியில், பின்னால் பார்க்கிற கண்ணாடிக்கு நேர் பின்னே ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டினாள். "இதுதான் காமிரா. இதுக்குக் கோடு தெரிஞ்சாத்தான் எல்லாம். கோடு அழிஞ்சிருந்தா, மழை கொட்டினா, மூஞ்சிக்கு நேரா வெயில் அடிச்சா, இந்தப் பச்சை வெளக்கு அணைஞ்சிரும். அப்பறம் கார் உங்க பொறுப்பு. கை எப்பவும் ஸ்டியரிங்ல இருக்கணும். இது டிரைவர் இல்ல மாமா. டிரைவர் நீங்கதான்."

"உங்க மாமனுக்கு எதுக்கு கண்ணு இதெல்லாம்? நான் கண்ணைக் கட்டிட்டு வால்பாறை மலை ஏறினவன்."

"எப்பங்க?" என்றாள் வசந்தாமணி.

திங்கட்கிழமையிலிருந்து வசந்தாமணிக்குக் கோயமுத்தூரில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கிறார்கள். ஜூலையில் மார்பில் புற்றுக்கட்டிக்கு ஆபரேஷன் ஆயிற்று. இப்போது இருபத்தைந்து தடவை கரண்ட். சனி, ஞாயிறு லீவு. இடையில் ஒரு நாளும் விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

துணி காயப்போட்டேன். கிளிப் இரண்டு குறைகிறது.

செப்டம்பர் 8, திங்கள்

ஒன்று.

பொள்ளாச்சி ரோட்டில் கார் ஏறியதும் அந்தப் பொத்தானை அமுக்கினேன். பச்சை விளக்கு வந்தது. உடனே கார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தெய்வசிகாமணி அவர்களே, தாங்கள் இந்த ரோட்டில் எத்தனை யுகங்களாக உழைக்கிறீர்கள்! சற்றே இளைப்பாறுங்கள்," என்றது. நான் மறுத்தேன். அது காலில் விழுந்தது. சரி என்று விட்டுக்கொடுத்தேன்.

உண்மையாகவே தானாகத் திரும்புகிறது. கிணத்துக்கடவு மேம்பால வளைவில் ஸ்டியரிங் என் கைக்குள் தானே நகர்ந்தது.

ஒரு குறை. ஒத்தக்கால்மண்டபம் தாண்டியதும் டிங் டிங் என்று சத்தம். ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லிப் படம் காட்டியது. நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு கையாலும். வசந்தாமணி என் கையைப் பார்த்தாள். அப்புறம் ஜன்னலைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் அவள் உடம்பில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டார்கள். மிஷின் அந்தக் கோட்டை வைத்துத்தான் குறி பார்க்குமாம். "அழியக் கூடாதுங்கம்மா, சோப்புப் போட்டுராதீங்க," என்றது மிஷின் பார்க்கிற பெண்.

உள்ளே பத்து நிமிஷம். வெளியே டிவியில் அவியல் செய்துகாட்டினார்கள். அவியல் நன்றாக வந்தது.

செப்டம்பர் 10, புதன்

மூன்று.

இப்போது சமையல் நான்தான். ஆபரேஷன் செய்த பக்கம் அவளால் கையைத் தூக்க முடியவில்லை. இன்று நான் வைத்த ரசத்தின் வாசனைக்கு ஆழியாறு அணை ஷட்டர் தானாகத் திறந்துகொண்டதாகத் தகவல்.

கொதிக்கிற ரசக் குண்டாவைத் துணி இல்லாமல் வெறுங்கையால் இறக்கிவைத்தேன். வசந்தாமணி பார்த்துவிட்டாள்.

"சுடலீங்களா?"

"அக்கினி பகவான் எனக்குத் தூரத்து ஒறம்பரை."

என் கையை வாங்கிப் பார்த்தாள். கட்டைவிரலிலும் பக்கத்து விரலிலும் தோல் வெள்ளையாகக் கொப்பளித்திருந்தது. மாவைக் குழைத்துப் பூசினாள்.

செப்டம்பர் 11, வியாழன்

நான்கு. போனோம். வந்தோம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஏழு.

இன்று ஒரு மர்மம் நடந்தது. ஆஸ்பத்திரி நீள வராந்தாவைக் கடந்து, லிஃப்டில் இறங்கி, மருந்துக் கடையில் களிம்பு வாங்கிக்கொண்டு, கார் நிறுத்துமிடத்துக்கு வந்து, வசந்தாமணிக்குக் கதவைத் திறந்துவிட்டேன். அவள் ஏறவில்லை.

"ஏனுங்க, செருப்பு எங்கீங்க?"

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இருந்தது. வலது காலில் இல்லை. மதியம் பன்னிரண்டு மணி. கீழே தார் உருகிக்கொண்டிருந்தது.

"தானம் பண்ணிட்டேன்," என்றேன். "ஒத்தைக் கால் சாமியார் ஒருத்தர் கேட்டார்."

"கால் சுடுதுங்களா?"

"யாருக்கு? எனக்கா? தீக்குண்டத்துல எறங்கினவன் புள்ள நான்."

"உங்கப்பா ரேசன் கடையில இருந்தாருங்க."

அவளே திரும்பிப் போய்ச் செருப்பை எடுத்துவந்தாள். வராந்தாவில், தண்ணீர் மிஷின் பக்கத்தில் கிடந்ததாம். கரண்ட் வைத்துக்கொண்டு வந்தவள். நான் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். ஏன் நான் போகவில்லை என்று இப்போது யோசிக்கிறேன். தோன்றவில்லை, அவ்வளவுதான்.

திரும்பும்போது பச்சை விளக்கு நன்றாக எரிந்தது. கார் இரண்டு கோட்டுக்கும் நடுவே நூல் பிடித்ததுபோல் வந்தது. டிங் டிங் நான்கு தடவை.

செப்டம்பர் 17, புதன்

எட்டு. மாவு அரைக்கக் கொடுத்தேன். வசந்தாமணி மாடியில் நின்று அகல்யாவோடு ரொம்ப நேரம் போனில் பேசினாள். என்ன என்று கேட்டேன். "ஜெர்மனியில குளிராம்," என்றாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

பத்து.

"ஒரு ஆக்டிங் டிரைவர் வெச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டாள், ஈச்சனாரி தாண்டும்போது. நாள்கூலிக்கு வந்து அடுத்தவர் காரை ஓட்டிக்கொடுக்கிற ஆட்கள் பொள்ளாச்சியில் நிறைய உண்டு.

"எதுக்கு?"

"நீங்க கொஞ்சம் ஓய்வா இருப்பீங்க."

"நான் ஓய்வா இருந்தா நாட்டுல மழை பெய்யாது, அம்மிணி."

பேச்சை விட்டுவிட்டாள். நானும் விட்டுவிட்டேன். ஆனால் இதை எழுதிவைக்கிறேன். ஜூலையில் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசியபோது நான் மேஜைமேல் இருந்த காகித எடைக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அழுதபோதும் அதைத்தான் பார்த்தேன். ஆபரேஷன் நடந்த நாலு மணி நேரமும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு பன் சாப்பிட்டேன். இந்தக் கார் ஓட்டுவது ஒன்றுதான் நான் அவளுக்குச் செய்கிறது. அதையும் ஒரு ஆளிடம் கொடுத்துவிட்டால் அப்புறம் நான் எதற்கு?

இந்தப் பத்தியை யாரும் படிக்க வேண்டாம். எருமை சல்யூட் அடித்தது வரைக்கும் படித்தால் போதும்.

செப்டம்பர் 24, புதன்

பதிமூன்று.

மழை. ரோட்டில் வெள்ளைக் கோடு ஒன்றும் தெரியவில்லை. பச்சை விளக்கு அணைந்துவிட்டது. ஒரு டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் முப்பதில் போனேன். பஸ் நின்றால் நின்றேன். நகர்ந்தால் நகர்ந்தேன். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்து என் குலத்தையே வாழ்த்தினார்கள்.

"ஏனுங்க இவ்வளவு மெதுவா?"

"அரசாங்க பஸ். மரியாதை கொடுக்கணும்."

அவளுடைய நேரம் பதினொன்றரை. பன்னிரண்டே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மிஷின் பெண் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாலும் உள்ளே விட்டது. கோடு கலைந்திருந்தது என்று மறுபடி போட்டார்களாம். அவளுக்கு. ரோட்டுக்கு யாரும் போடவில்லை.

சட்டை முழுக்க நனைந்திருந்தது. மழையில் இல்லை. காருக்குள்தான் இருந்தேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

பதினைந்து. தோல் கறுத்துவிட்டது. ஜாக்கெட் போட முடியவில்லை. என் பழைய காட்டன் சட்டையைப் போட்டுக்கொண்டு, மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு வருகிறாள். சட்டைப் பையில் பம்பு கம்பெனி பெயர் போட்டிருக்கும். "பம்பு வேணுமுங்களா?" என்று மிஷின் பெண்ணிடம் கேட்டாளாம். இருவரும் சிரித்தார்களாம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

பதினேழு. பொரி, கடலை, பூசணிக்காய், வாழைக்கன்று வாங்கினேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஆஸ்பத்திரி லீவு. நாளையும் லீவு.

வருஷாவருஷம் வசந்தாமணிதான் வண்டிக்குப் பொட்டு வைப்பாள். இந்த வருஷம் கை எழவில்லை. "நீங்களே வெச்சிருங்க," என்று சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

அரிவாள்மணை, மிக்சி, ஸ்பேனர், என் மூக்குக்கண்ணாடி என்று எல்லாவற்றுக்கும் வைத்தேன். பிறகு கார். நாலு சக்கரத்துக்கும் வைத்தேன். பானெட்டுக்கு வைத்தேன். முன் கண்ணாடி முன் வந்து நின்றதும் எனக்கு ஞானோதயம் ஆயிற்று. எட்டுத் திக்கிலும் சங்கு ஊதியது. ஆயுத பூஜை என்றால் என்ன? நமக்காக உழைக்கிற கருவிக்கு மரியாதை. இந்தக் காரில் எனக்காக நிஜமாக உழைப்பது யார்? சக்கரமா? பானெட்டா?

காலை எக்கி, கண்ணாடியின் உச்சியில், அந்தக் காமிராவுக்கு நேர் எதிரே, உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி நடுவில் குங்குமம் வைத்தேன். நெற்றிக்கண் திறந்த மாதிரி ஆகிவிட்டது கார்.

"அங்க எதுக்குங்க அவ்வளவு?"

"அவனுக்குத்தான் மொத மரியாதை."

"யாருக்கு?"

பூசணிக்காயை உடைத்தேன். சுண்டல் கொஞ்சம் உப்புக் குறைவு.

அக்டோபர் 3, வெள்ளி

இன்று காலை பொள்ளாச்சிக்கும் கிணத்துக்கடவுக்கும் நடுவே நான் தனி ஒருவனாக ஒரு தென்னந்தோப்பையே வீழ்த்தினேன். ஆயிரம் மரங்கள். தேங்காய்கள் மழையாகப் பொழிந்தன. ஒன்று பறந்துபோய்ப் பாலக்காட்டில்

அதை அடித்துவிட்டேன். மறுபடி எழுதுகிறேன்.

கிளம்பும்போது பச்சை விளக்கு வரவில்லை. டேஷ்போர்டில் இங்கிலீஷில் இரண்டு வரி ஓடியது. பண்டிகை வாழ்த்து என்று வசந்தாமணியிடம் சொன்னேன். படிக்கவில்லை. வெயில் நன்றாக இருந்தது, கோடு பளிச்சென்று இருந்தது, விளக்கு கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்று நினைத்தேன். எழுபதில் போய்க்கொண்டிருந்தேன். விளக்கு வந்தது என்று எனக்குள் ஏதோ முடிவு செய்திருக்க வேண்டும். கோவில்பாளையம் தாண்டி லேசான வலது வளைவு. தினமும் அந்த இடத்தில் ஸ்டியரிங் தானாகத் திரும்பும். அது திரும்பும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது திரும்பவில்லை.

கார் நேராகப் போயிற்று. கோட்டைத் தாண்டி, மண்ணில் இறங்கி, இளநீர்க் கடையை நோக்கிப் போயிற்று. வசந்தாமணி "ஏனுங்க" என்றாள். பிரேக்கை அழுத்தினேன். அழுத்தினேன் என்றுதான் நினைத்தேன். இன்ஜின் சத்தம் கூடியது. என் கால் எதன்மேல் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். ரோட்டைப் பார்க்காமல் என் காலைப் பார்த்தேன்.

வசந்தாமணி கைக்குக் கீழே இருந்த பார்க்கிங் பிரேக் பொத்தானை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையால்தான். தூக்க முடியாது என்ற கையால். கார் உதறிக்கொண்டு, இளநீர்க் குவியலுக்குள் பாதி புகுந்து நின்றது. காய்கள் பானெட்டில் உருண்டன. கடைக் குடை சாய்ந்தது. குடைக்குக் கீழே ஒரு முக்காலி இருந்தது. அது சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது.

முக்காலியில் உட்காருகிற அம்மாள் எதிர்ப்பக்கக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். குடத்தோடு ஓடிவந்தாள்.

"ஏய்யா, ரோடு அத்தா அகலம் கெடக்குது, என்ற காய்தான் கெடைச்சுதா உனக்கு? நான் உக்காந்திருந்தா? என்ற உசுரு போயிருந்தா நீ தருவியா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். முப்பத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக ஒரு பொய்கூட வரவில்லை.

வசந்தாமணி இறங்கிப் போனாள். "தப்பு எங்களுதுங்க. காய்க்கும் குடைக்கும் குடுத்தறோம். வண்டியை இங்கயே விட்டுட்டுப் போறோம், பாத்துக்குவீங்களா? நான் பதினொன்னரைக்கு ஆஸ்பத்திரியில இருக்கோணும்."

அந்த அம்மாள் என் சட்டையைப் போட்டிருந்த வசந்தாமணியை மேலும் கீழும் பார்த்தாள். கழுத்துப் பக்கத்தில் மார்க்கர் கோடு தெரிந்தது. கத்துவதை நிறுத்திவிட்டு, உருண்டு கிடந்த ஒரு காயை எடுத்துச் சீவிக் கொடுத்தாள். "குடிச்சுப்போட்டுப் போ கண்ணு. பஸ் இப்ப வந்துரும்." எனக்குக் கொடுக்கவில்லை.

பஸ்ஸில் அவளுக்கு இடம் கிடைத்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிடித்திருக்கிறேனா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டேன்.

"பிரேக் பொத்தானைப் பத்தி உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அகல்யாகிட்டக் கேட்டு வெச்சுட்டேன். இழுத்துப் புடிச்சுட்டே இருந்தா நிக்கும்னா."

"எப்ப கேட்டே?"

"செருப்பு போச்சுதில்லீங்க. மறுநாளு."

பதினாறு நாளாக அவள் ஒரு கையை அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் என்னோடு வந்திருக்கிறாள்.

"அப்பவே வண்டியை நிறுத்தியிருக்கலாமே."

"சொன்னனே. மழை பேயாதுன்னீங்க." டிக்கெட்டை மடித்துக்கொண்டே, "அது என்ற தப்புந்தான். அந்த அம்மா அங்க உக்காந்திருந்தா?" என்றாள்.

பன்னிரண்டு ஐம்பதுக்குப் போனோம். கடைசி ஆளாக எடுத்துக்கொண்டார்கள். பதினெட்டு.

அக்டோபர் 4, சனி

அகல்யா வீடியோவில் வந்தாள். சபரிநாதன் என்கிற ஆக்டிங் டிரைவர் நேற்றுச் சாயங்காலமே காரைக் கொண்டுவந்து விட்டிருந்தார். பம்பரில் கீறல். காரைக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

"மாமா, கண்ணாடி மேல அது என்ன?"

"சந்தனம்."

"காமிரா மேலயா?"

"நேர் மேல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை.

"ஏன் மாமா அங்க வெச்சீங்க?"

"நல்லா வேலை பாக்குதேன்னு."

"அது ஒரு உதவிதான் மாமா. நீங்க ஓட்டறப்ப எப்பவாச்சும் அசந்தா புடிச்சுக்கறதுக்கு. அது ஓட்டும்னு நீங்க…" நிறுத்திவிட்டாள். "எத்தனை நாளா மாமா?"

"எது?"

"கை."

இணைப்பு சரியில்லை என்று சொல்லி போனை வசந்தாமணியிடம் கொடுத்தேன். இணைப்பு நன்றாகத்தான் இருந்தது.

ஒரு வருஷமாக மரத்துக் கிடக்கிறது. கால் இரண்டு வருஷமாக. சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன் என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 6, திங்கள்

பத்தொன்பது.

சபரிநாதனுக்கு நாற்பது வயது இருக்கும். ஏறி உட்கார்ந்ததும் பொத்தான்களைப் பார்த்தார். "ஏனுங்கண்ணா, இந்த லேன் சமாச்சாரத்தை அமத்திப்போடட்டுங்களா? நாம ஒரு பக்கம் ஒடிச்சா அது ஒரு பக்கம் ஒடிக்குது. தொல்லை."

"அமத்திக்குங்க," என்றேன். துக்க வீட்டில் பேசுகிற குரலில் வந்தது. ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தது நான்தான்.

வசந்தாமணி பின் சீட்டில் ஏறினாள். நான் முன்னால் போனேன். "இங்க வாங்க," என்றாள். முப்பத்தாறு வருஷக் கல்யாணத்தில் நாங்கள் இருவரும் காரின் பின் சீட்டில் சேர்ந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. நான் எப்போதும் ஸ்டியரிங்கில் இருந்திருக்கிறேன். பொள்ளாச்சி ரோட்டுக்கு இடது பக்கமும் உண்டு என்று இன்றுதான் பார்த்தேன். வழியில் ஒரு பெரிய குளம் இருக்கிறது. எப்போது வெட்டினார்களோ.

கோவில்பாளையத்தில் நிறுத்தி, புதுக் குடையும் புது முக்காலியும் கொடுத்தோம். அந்த அம்மாள் வாங்கிக்கொண்டு, "இப்ப யாரு ஓட்டறது?" என்று ஜன்னலுக்குள் குனிந்து பார்த்தாள். சபரிநாதனைப் பார்த்ததும் முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அக்டோபர் 8, புதன்

இருபத்தொன்று.

வசந்தாமணியை மிஷினுக்குள் அனுப்பிவிட்டு அவியல் பார்க்கலாம் என்று இருந்தேன். அவள் எனக்கும் சீட்டு போட்டு வைத்திருக்கிறாள். அதே ஆஸ்பத்திரியில், இரண்டாவது மாடியில், சர்க்கரை டாக்டர்.

ஒரு நைலான் இழையை எடுத்தார். தூண்டில் நரம்பு மாதிரி. "கண்ணை மூடிக்குங்க. பாதத்துல தொடுவேன். தொடறப்ப எல்லாம் சொல்லுங்க."

கண்ணை மூடினேன். மூன்று எண்ணினேன். "தொட்டீங்க," என்றேன். மறுபடி மூன்று எண்ணினேன். "தொட்டீங்க." ஒரு தாளத்தோடு பத்துத் தடவை சொன்னேன். ஒரு தடவை "அங்க கூச்சமா இருக்குதுங்க" என்றுகூடச் சேர்த்தேன்.

கண்ணைத் திறந்தால் டாக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். இழை மேஜைமேல் இருக்கிறது.

"நான் இன்னும் ஆரம்பிக்கலீங்க," என்றார்.

கார் ஓட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். மாத்திரை மாற்றினார். வெறுங்காலோடு வாசலுக்குக்கூடப் போகக் கூடாது. தினமும் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். போன உணர்ச்சி அப்படியே திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். கைக்கு வேறு ஒரு டாக்டர். அது நரம்பு மணிக்கட்டில் நசுங்கியிருக்கலாமாம், சின்ன ஆபரேஷனில் கொஞ்சம் தேறலாமாம்.

"சரிங்க," என்றேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழே வந்து ஒரு பன் சாப்பிட்டேன்.

அக்டோபர் 10, வெள்ளி

இருபத்து மூன்று. வசந்தாமணி என் பாதத்துக்குக் கண்ணாடி பிடித்தாள். நான் அவள் தோளுக்குக் கீழே களிம்பு போட்டேன். கொப்புளத்தை அழுத்திவிடுவேனோ என்று பஞ்சால்தான் போட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

இருபத்து நான்கு.

அக்டோபர் 14, செவ்வாய்

இருபத்தைந்து.

முடிந்தது. ஒரு நாளும் விடவில்லை. மிஷின் பெண் வெளியே வந்து, "இனி கோடு வேண்டாங்கம்மா. தோலு ஆறினதும் சோப்புப் போட்டுக் குளிங்க," என்றது. வசந்தாமணி அதன் கன்னத்தைத் தட்டினாள். "பம்பு வேணும்னா சொல்லு," என்றாள். மூன்று மாதம் கழித்து ஸ்கேன். அதற்கப்புறம்தான் எதையும் சொல்ல முடியும்.

திரும்பும் வழியில் கோயமுத்தூர் நகரமே திரண்டு வந்து எங்களை வழியனுப்பியது. யானைகள் இரு பக்கமும் நின்று தும்பிக்கையைத் தூக்கின. சபரிநாதன் வெள்ளிச் சாட்டையைச் சொடுக்க, கார் தரையைத் தொடாமல் கிணத்துக்கடவு மேம்பாலத்துக்கு நாலடி மேலே பறந்தது. நான் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டேன். மேலேயிருந்து பார்த்தால் வெள்ளைக் கோடுகள் எல்லாம் ஒன்றும் இல்லை.

வசந்தாமணி என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "கண்ணை மூடுங்க," என்றாள்.

மூடினேன்.

"இது தெரியுதுங்களா?"

"தெரியுது."

"இது?"

"தெரியுது."

ஐந்து தடவை கேட்டாள். ஐந்து தடவையும் தெரியுது என்றேன். அவள் எண்ணிக்கொண்டு வருகிறாள், கட்டைவிரலிலிருந்து ஒவ்வொன்றாகக் கிள்ளுகிறாள் என்பது அவள் மூச்சு விடுகிற விதத்திலேயே தெரிந்தது. கண்ணைத் திறந்தபோது அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய்யிங்க," என்றாள்.

"ஆமா," என்றேன்.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். எருமை, சாமியார், பறந்த கார், எதையும் யாரும் நம்ப வேண்டாம். அந்த ஐந்து பதிலில் நாலு பொய்தான். சுண்டுவிரலில் மட்டும் நிஜமாகவே வலித்தது. நன்றாகக் கிள்ளியிருக்கிறாள். இன்னும் வலிக்கிறது.